நாள் முழுக்கத் தூக்கி நடக்க லேசான ஷாட்கன்: 20 கேஜா, 28 கேஜா?

காட்டுவழி:

வணக்கம். மிச்சிகனின் வடக்குக் காடுகளில் பெரும்பாலும் க்ரௌஸ், வுட்காக் என்ற காட்டுப் பறவைகளைத் தேடித்தான் வேட்டைக்குப் போகிறேன். கையில் இருப்பது 12 கேஜ் பம்ப் (ஒவ்வொரு குண்டுக்கும் முன்பிடியை இழுத்துத் தள்ள வேண்டிய துப்பாக்கி), தோட்டா போடாமலே ஏழரை பவுண்டு. சுடுவதில் அதற்கு ஒரு குறையும் சொல்ல மாட்டேன், தொல்லையெல்லாம் நடப்பதில்தான். காலையில் இரண்டு கையாலும் குறுக்கே பிடித்துத் தயாராக நடக்கிறேன், மதியத்துக்கு மேல் அது தானாகவே தோளுக்கோ அக்குளுக்கோ போய்விடுகிறது, சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் பறவை எழும்பும். இளம் ஆஸ்பென் நெருக்கமாக முளைத்து நிற்கிற இடத்தில் க்ரௌஸ் கண்ணில் படுவதே ஓரிரு விநாடி, அதற்குள் அக்குளிலிருந்து எடுத்துத் தோளில் வைத்துச் சுடுவது என்பதெல்லாம் நடக்கிற காரியமா?

அதனால் லேசாக ஒன்று வாங்கலாம் என்று இருக்கிறேன். கேஜ் எண் கூடக்கூடக் குழலின் துளை சின்னதாகும் என்பது தெரியும், 20 கேஜா 28 கேஜா என்பதில்தான் மாட்டிக்கொண்டேன். ஓவர்-அண்டரா (ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு குழல்), செமி ஆட்டோவா (சுட்டதும் அடுத்த தோட்டா தானாக ஏறுவது) என்பதும் முடிவாகவில்லை. வருடத்துக்கு ஒருமுறை மச்சானோடு தெற்கு டகோட்டாவுக்கு ஃபெசன்ட் பறவை தேடிப் போவது உண்டு, அதற்கும் இதே துப்பாக்கி உதவினால் நல்லது. ஐந்து பவுண்டுக்கும் கீழேகூடச் சில வருகின்றன, அவ்வளவு லேசாக வாங்கினால் வேறு ஏதாவது சிக்கல் வருமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


இரட்டைக்குழல்:

20 வாங்குங்கள், அதிகம் யோசிக்க வேண்டாம்.

காரணம் சொல்கிறேன். கேஜ் சின்னதானால் ரவையின் வேகமோ குத்தும் பலமோ குறைந்துவிடும் என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 6-ஆம் எண் ரவை (எண் கூடினால் ரவை சின்னது) ஒன்று ஒரே வேகத்தில் கிளம்பினால் 12-லிருந்து வந்தாலும் 28-லிருந்து வந்தாலும் பறவைமேல் ஒரே மாதிரிதான் படும். மாறுவது எத்தனை ரவை போகிறது என்பது மட்டும். ஒரு அவுன்ஸ் ஈய ரவையில் 6-ஆம் எண் சுமார் 225 இருக்கும். 28-இன் வழக்கமான முக்கால் அவுன்ஸ் தோட்டாவில் அதனால் 169 ரவைதான். 20-இல் ஒரு அவுன்ஸ் போட்டால் 225, உங்கள் 12-இல் ஒன்றேகால் அவுன்ஸ் போட்டால் 281. மாடிஃபைட் சோக் (ரவை பரவுவதைக் கட்டுப்படுத்தக் குழல் முனையில் வைக்கும் நடுத்தர இறுக்கம்) என்றால் 40 கஜத்தில் 30 அங்குல வட்டத்துக்குள் அறுபது சதவீதம் விழும் என்பது பொதுக் கணக்கு. அதன்படி பார்த்தால் 28-க்கு நூறு, 20-க்கு 135, 12-க்கு 169.

க்ரௌஸுக்கு இந்தக் கணக்கே தேவையில்லை, பெரும்பாலும் 25 கஜத்துக்குள் முடிந்துவிடும், பறவையும் அவ்வளவு கெட்டி கிடையாது. வுட்காக் அதைவிடச் சின்னது, இருநூறு கிராம் தேறினால் பெரிது. ஆனால் நவம்பர் மாதம் ஒரு சேவல் ஃபெசன்ட் காற்றோடு சேர்ந்து 40 கஜத்தில் போகும்போது நூறு ரவையை நம்பிச் சுடுவதா என்று யோசியுங்கள். அடிபட்டு ஓடிப் புல்லுக்குள் ஒளியும் பறவைதான் எல்லாவற்றிலும் மோசம். டகோட்டாவும் உண்டு என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள், அதற்குப் பிறகு 28 பேச்சு எதற்கு?

இன்னொன்று, 20 கேஜ் தோட்டா எந்தச் சின்ன ஊர்க் கடையிலும் கிடைக்கும். 28 அப்படி இல்லை, விலையும் கூடுதல்.


செட்டர்பிரியன்:

மேலே உள்ள ஐயா சொன்னதில் கணக்கு சரி, முடிவுதான் எனக்கு ஒப்பவில்லை.

கேட்டவர் வருடம் முழுக்கப் போவது க்ரௌஸுக்கும் வுட்காக்குக்கும். டகோட்டா ஒரு வாரம். ஒரு வாரத்துக்காக மீதி சீசன் முழுக்கத் தேவைக்கு மேல் சுமப்பதா? ஃபெசன்ட்டுக்குப் பழைய 12 பம்பை எடுத்துப் போகட்டுமே, அதை யாரும் விற்கச் சொல்லவில்லை. அங்கே திறந்த வயல், நேர் வரிசையில் நடை, புதருக்குள் குனிந்து நுழைகிற வேலை கிடையாது, ஏழரை பவுண்டு அங்கே பெரிய பாரமும் இல்லை.

28-ஐப் பற்றி ‘அளவுக்கு மீறி நன்றாகக் கொல்லும்’ என்று ஒரு பேச்சு உண்டு. குழலின் விட்டத்துக்கும் ரவைத் தூணின் உயரத்துக்கும் உள்ள பொருத்தம்தான் காரணம் என்று விளக்கம் வேறு சொல்வார்கள். நான் அதை அவ்வளவாக நம்புவதில்லை. நான் பார்த்தவரை 28 நன்றாகச் சுடுவதற்குக் காரணம் உதைப்பு குறைவு, அதனால் சுடுபவர் முகத்தைத் தோளில் வைக்கும் கட்டையிலிருந்து தூக்குவதில்லை, இரண்டாவது குண்டுக்கும் கண் பறவைமேலேயே இருக்கிறது. 7½-ஆம் எண் ரவை முக்கால் அவுன்ஸில் 260-க்கு மேல் இருக்கும், 25 கஜத்துக்கு அது தாராளம்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. 28 என்று குழலில் பொறித்திருப்பதாலேயே துப்பாக்கி சின்னதாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். பல நிறுவனங்கள் 20 கேஜ் ரிசீவரிலேயே (குழலுக்குப் பின்னால் உள்ள இயந்திரப் பகுதி) 28 குழலைப் பொருத்தி விற்கின்றன. பிரவுனிங் சிட்டோரி அப்படித்தான். அதே வெளிச்சுற்றில் உள்ளே துளை மட்டும் சின்னது, அதனால் சில சமயம் 28 மாடல் 20-ஐவிட எடை கூடவே வரும். பெரெட்டா 686-இல் 28-க்கென்று தனியாகச் சின்ன ரிசீவர் உண்டு, கையில் எடுத்தாலே வித்தியாசம் தெரியும். 28 வாங்குவதென்றால் அப்படி வாங்க வேண்டும், இல்லையென்றால் 20-ஏ மேல்.


தோள்பட்டை:

எந்தக் கேஜ் என்று இருவரும் சண்டை போடுகிறீர்கள், எவ்வளவு லேசாக இருக்கலாம் என்று அவர் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

அதே தோட்டாவைச் சுட்டால் துப்பாக்கி எடை குறையக் குறைய உதைப்பு ஆற்றல் அதே விகிதத்தில் ஏறும். ஆறு பவுண்டிலிருந்து ஐந்துக்கு வந்தால் இருபது சதவீதம் கூடும். எண்ணாகவே பாருங்கள், எல்லாம் விநாடிக்கு 1200 அடி வேகத்துக்குப் போட்ட தோராயக் கணக்கு. உங்கள் ஏழரை பவுண்டு 12-இல் ஒன்றே அரைக்கால் (1⅛) அவுன்ஸ் தோட்டா சுட்டால் ஏறக்குறைய 19 அடி-பவுண்டு. ஐந்தேகால் பவுண்டு 20-இல் ஒரு அவுன்ஸ் சுட்டால் 21, 22 வரும். அதாவது ‘சின்னத் துப்பாக்கி’ உங்கள் பழைய 12-ஐவிட அதிகமாக உதைக்கும்! அதே 20 ஐந்தரை பவுண்டில் இருந்து, முக்காலே அரைக்கால் (⅞) அவுன்ஸ் சுட்டால் 16-க்குப் பக்கம். ஐந்தரை பவுண்டு 28 முக்கால் அவுன்ஸோடு 11 தான்.

பழைய ஆங்கிலேயத் துப்பாக்கிக் கொல்லர்களின் விதி ஒன்று உண்டு, ரவையின் எடையைப்போல் 96 மடங்கு துப்பாக்கி இருக்க வேண்டும் என்று. ஒரு அவுன்ஸுக்கு ஆறு பவுண்டு, முக்காலே அரைக்காலுக்கு ஐந்தேகால், முக்காலுக்கு நாலரை. இது இயற்பியல் விதி இல்லை, தோள் தாங்குகிற அளவைப் பார்த்து வகுத்த பழக்கம், இருந்தாலும் இன்றைக்கும் பொருந்துகிறது. ஆகவே ஐந்தேகால் பவுண்டு 20 வாங்கிவிட்டு அதில் 3 அங்குல மேக்னம் (கனமான ரவைத் தோட்டா) போட்டு ஃபெசன்ட் சுடுவேன் என்று திட்டமிட்டால், தோட்டாப் பெட்டி காலியாவதற்குள் கன்னம் சிவந்து, விசையை இழுக்கும் முன்பே கண்ணை மூடுகிற பழக்கம் வந்துவிடும். அந்தப் பழக்கத்தை விடுவது சுலபமில்லை.

அடுத்தது வீச்சு. உதைப்பைவிட இது முக்கியம் என்பேன். ரொம்ப லேசான துப்பாக்கி கைத்தடி மாதிரி சட்டென்று எழும், ஆனால் சுடும் நொடியில் பாதியில் நின்றும் விடும். குறுக்கே போகிற பறவைக்குப் பின்னாலேயே ரவை போய்க்கொண்டிருக்கும், சுடுபவருக்கு ஏனென்றே புரியாது. பருமனான துப்பாக்கிக்கு அதன் எடையே நகர்வைத் தொடர வைக்கிறது. இதற்கு என் வழி: எடை குறைந்ததை எடுத்தால் குழலை 28 அங்குலத்துக்கு எடுங்கள், 26 வேண்டாம். புதர்க் காட்டுக்குக் குட்டைக் குழல்தான் சரி என்று எல்லோரும் சொல்வார்கள். இரண்டு அங்குலத்தால் எந்தக் கிளையும் தடுக்கப்போவதில்லை, ஆனால் முன்பக்கம் வரும் அந்தச் சிறு எடை வீச்சைக் காப்பாற்றும். அலுமினிய ரிசீவர் துப்பாக்கிகளில் நடு எடை குறைந்து எடை முன்னால் தள்ளிப்போவதால் அவை பார்ப்பதற்கு லேசாக இருந்தும் ஓரளவு நன்றாக வீசும். ஃப்ரான்கி இன்ஸ்டிங்க்ட் எஸ்எல், ஸ்டீவன்ஸ் 555 இரண்டும் அந்த வகை.

என் கணக்கில் 20 என்றால் ஐந்தே முக்காலிலிருந்து ஆறேகால், 28 என்றால் ஐந்தேகாலிலிருந்து ஐந்தே முக்கால். இதற்குக் கீழே இறங்காதீர்கள்.


மலைச்சரிவு:

தோள்பட்டை சொன்னதில் ஒரு சின்ன விதிவிலக்கு மட்டும். நாங்கள் நெவாடாவில் சுக்கர் கௌதாரி தேடி ஏறுகிற சரிவுகளில் ஒரு கையால் பாறையைப் பிடித்துக்கொண்டு மறு கையில் துப்பாக்கி வைத்திருப்போம். அங்கே ஐந்து பவுண்டு பெனெல்லி அல்ட்ரா லைட் மாதிரி ஒன்று இருப்பவர்தான் மாலை வரை நிற்பார். வீச்சு கொஞ்சம் போனால் போகட்டும் என்று ஏற்றுக்கொள்கிறோம். மிச்சிகன் தட்டை நிலம், அவ்வளவு தேவைப்படாது.

இனெர்ஷியா முறையில் (உதைப்பின் விசையால்) ஓடும் செமி ஆட்டோ என்றால் மெல்லிய தோட்டாக்களைச் சில சமயம் துப்பாமல் மாட்டிக்கொள்ளும். வெடிமருந்து வாயுவால் ஓடும் முறை மென்மையாக உதைக்கும், எடை கூடும், சுத்தம் செய்யும் வேலையும் கூடும். வுட்காக் வலசைப் பறவை என்பதால் செமி ஆட்டோ, பம்ப் இரண்டிலும் மொத்தம் மூன்று தோட்டாவுக்கு மேல் கொள்ளாதபடி தோட்டாக் குழாயில் பிளக் (அடைப்பு) இருக்க வேண்டும், இது கூட்டாட்சிச் சட்டம். இரட்டைக் குழலில் அந்தக் கவலையே இல்லை.


புதியவன்:

நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும். 410 (28-ஐவிடவும் சின்னக் குழல்) எப்படி? அதுதானே எல்லாவற்றிலும் லேசு? அப்புறம் இன்னொரு சந்தேகம், நான் எச்-1பி விசாவில் இருக்கிறேன், துப்பாக்கி வாங்க முடியுமா?


இரட்டைக்குழல்:

தம்பி, 410 பழகுபவருக்கான துப்பாக்கி இல்லை, நன்றாகப் பழகியவருக்கானது. இரண்டரை அங்குலத் தோட்டாவில் அரை அவுன்ஸ், 7½-ஆம் எண் என்றால் 175 ரவை, அவ்வளவுதான். 20 கஜத்துக்குள், நாய் காட்டி நிற்கிற காடை என்றால் சரி.

விசா விஷயம்: பொதுவாகக் குடியேறாத விசாக்காரர்கள் துப்பாக்கியும் தோட்டாவும் வைத்திருக்கக் கூட்டாட்சிச் சட்டம் தடை போடுகிறது, ஆனால் ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் அதற்கு விலக்கு உண்டு. உரிமம் காலாவதியானால் விலக்கும் போய்விடும், அதை மறக்கக் கூடாது. மாநில விதிகள் தனி. வாங்கும் முன் ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுவிடுங்கள், இந்த விஷயத்தில் இணையத்தில் யாரோ சொன்னதை நம்பி இறங்க வேண்டாம், நான் உட்பட. முதலில் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பில் சேருங்கள், உரிமத்துக்கு எப்படியும் அது வேண்டியிருக்கும்.


காட்டுவழி:

இவ்வளவு விளக்கமாக வரும் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. 12-ஐவிட லேசான 20 அதிகமாக உதைக்கும் என்ற கணக்கு எனக்குப் புதிது.

இப்போது இரண்டில் வந்து நிற்கிறேன். ஒன்று அலுமினிய ரிசீவர் 20 ஓவர்-அண்டர், இன்னொன்று சின்ன எஃகு ரிசீவர் 28. பக்கத்து கிளப்பில் ஒருவரிடம் 28 இருக்கிறது, ஸ்கீட் மைதானத்தில் (பறக்கவிடும் மண் தட்டுகளைச் சுடும் இடம்) சுட்டுப் பார்க்கத் தருகிறேன் என்கிறார். கூடவே இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள், நான் இடதுகைக்காரன். அதனால் ஏதாவது மாறுமா?


இடதுகுறி:

அண்ணா, நிறைய மாறும். நானும் இடது தோளில் சுடுகிறவள்தான்.

வலதுகைக்காரர்களுக்கான செமி ஆட்டோவில் காலித் தோட்டா முகத்துக்குக் குறுக்கே பறக்கும். ஆபத்தில்லை, ஆனால் கவனம் சிதறும். இடதுகை மாடல்கள் உண்டு, தேர்வு குறைவு. ஓவர்-அண்டரில் அந்தச் சிக்கல் இல்லை. பம்ப்தான் பிடிக்கும் என்றால் இதாகா 37 தேடுங்கள், காலித் தோட்டா அடிவழியாக விழும், 20 கேஜ் ஆறு பவுண்டைச் சுற்றித்தான் இருக்கும். 1937-லிருந்து வருவதால் பழையதாகவும் நிறையக் கிடைக்கும்.

அதைவிட முக்கியம் கட்டையின் வளைவு. கடையில் இருக்கும் பல துப்பாக்கிகளின் கட்டை வலதுகைக்காரருக்காக லேசாக வலப்பக்கம் விலகியிருக்கும். இடது தோளில் வைத்தால் அது உங்களுக்கு எதிராக வேலை செய்யும், பார்வை குழலுக்கு நேராக வராது. சில நிறுவனங்கள் கட்டைக்கும் ரிசீவருக்கும் நடுவே வைக்கும் தகடுகளைக் கூடவே தருகின்றன, திருப்பிப் போட்டால் விலகல் மாறும். வாங்கும்போது இதைக் கேளுங்கள். இல்லாவிட்டால் நேர்க் கட்டையாவது இருக்கட்டும்.

கடையிலேயே சோதிக்கலாம். துப்பாக்கி காலி என்று கடைக்காரர் முன்னால் திறந்து உறுதி செய்துகொண்டு, சுவரில் ஒரு புள்ளியைப் பார்த்து, கண்ணை மூடி, தோளில் வைத்து, கண்ணைத் திறங்கள். குழலின் மேற்பட்டை நேராக, அந்தப் புள்ளியைக் காட்டிக்கொண்டு இருக்கிறதா? திரும்பத் திரும்ப அப்படியே வந்தால் அது உங்கள் துப்பாக்கி. கன்னத்தை நகர்த்தித் தேட வேண்டியிருந்தால் அது எவ்வளவு அழகான கட்டையாக இருந்தாலும் வைத்துவிட்டு வாருங்கள். நவம்பரில் போடும் தடிமனான மேலாடையைப் போட்டுக்கொண்டே இதைச் செய்யுங்கள். மெல்லிய சட்டையில் சரியாக இருக்கும் கட்டை, மேலாடை போட்டதும் நீளமாகி அக்குளில் மாட்டும். தரமாக வரும் நீளம் பதினாலேகால் அங்குலத்தை ஒட்டி இருக்கும், எனக்கு அது அதிகம், வெட்டித்தான் வைத்திருக்கிறேன்.

உங்கள் களைப்புக்கே பாதி காரணம் எடை எங்கே இருக்கிறது என்பதாக இருக்கலாம். பம்பில் குழலுக்குக் கீழே தோட்டாக் குழாயும் இருப்பதால் இடதோ வலதோ முன்கைதான் சுமக்கிறது. இரண்டு கைக்கும் நடுவில் எடை நிற்கும் இரட்டைக் குழல் ஆறேகால் பவுண்டு இருந்தால்கூட, முன்னால் கனக்கும் ஆறு பவுண்டைவிடக் கைக்குச் சுகமாக இருக்கும். தராசில் பார்க்காமல், கையில் பிடித்துப் பத்து நிமிடம் கடைக்குள்ளேயே நடங்கள். பார்ப்பவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும்.


செட்டர்பிரியன்:

இடதுகுறி சொன்னது பொன். அந்த 28-ஐச் சுடும்போது ஸ்கீட் ஆட்டம்போல் முன்னாடியே தோளில் வைத்துக்கொண்டு தட்டை அழைக்காதீர்கள். துப்பாக்கி இடுப்பளவில், காட்டில் நடப்பதுபோல் பிடித்துக்கொண்டு அழையுங்கள். அப்போதுதான் அது உங்களுக்கு எழும்புகிறதா என்று தெரியும்.


தோள்பட்டை:

புதுக் கேஜ் வீட்டுக்குள் வரும்போது இதை யாராவது சொல்லியாக வேண்டும். 20 கேஜ் தோட்டா 12-இன் அறைக்குள் நழுவி முன்னால் போய்க் குழலில் சிக்கிக்கொள்ளும். பின்னால் அறை காலியாகத் தெரியும், விசை இழுத்தால் சுடாது, சரி தோட்டா போடவில்லைபோல என்று ஒரு 12-ஐப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும், முன்கை போகும். 20 கேஜ் தோட்டாவை மஞ்சள் நிறத்தில் செய்வதே இதற்காகத்தான். 28 அதேபோல 20-க்குள் நழுவும், அதற்கு இப்படி ஊரறிந்த நிறம்கூட இல்லை. ஆகவே வீட்டில் இரண்டு கேஜ் இருந்தால் வேட்டை மேலாடையும் இரண்டு. ஒன்றையே பயன்படுத்தினால் ஒவ்வொரு முறையும் பையைக் கவிழ்த்துக் கொட்டிப் பாருங்கள்.

பழைய 16 எதிலாவது ஆசை வந்தால், பழைய அமெரிக்கத் துப்பாக்கிகள் பலவற்றில் அறை இன்றைய இரண்டே முக்கால் அங்குலத்தைவிடக் குட்டை. துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரிடம் அளந்து பார்க்காமல் இன்றைய தோட்டாவைப் போட வேண்டாம்.


காட்டுவழி:

28-ஐச் சுட்டுப் பார்த்தேன். பட்டுபோல இருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன். ஆனாலும் 20-க்கே போகிறேன். காரணம் டகோட்டா மட்டுமில்லை. நாங்கள் அங்கே போவது பெரும்பாலும் வாட்டர்ஃபவுல் புரொடக்‌ஷன் ஏரியா என்று பலகை வைத்த பொது நிலங்களுக்கு, அங்கே ஃபெசன்ட்டுக்கும் ஈய ரவை கூடாது. எஃகு ஈயத்தைவிட லேசு என்பதால் பெரிய ரவை போட வேண்டும், 28-இன் சின்னத் தோட்டாவில் அது எத்தனைதான் கொள்ளும்? ஈயத்துக்குப் பதிலான பிஸ்மத் ரவை வாங்கலாம், விலை கையைக் கடிக்கும். 20 என்றால் எஃகும் கொஞ்சம் தாராளமாகப் போகும். எடை ஐந்தே முக்கால், குழல் 28 அங்குலம், கட்டைக்குத் தகடு வைத்து இடப்பக்கம் திருப்பித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

கடைசியாக ஒன்று. க்ரௌஸுக்கு எந்தச் சோக்?


இரட்டைக்குழல்:

நல்ல முடிவு. முதல் குழலில் நன்றாகப் பரவவிடும் சிலிண்டர் அல்லது ஸ்கீட், இரண்டாவதில் சற்றே இறுக்கமான இம்ப்ரூவ்ட் சிலிண்டர். இலை உதிர்ந்த பிறகு ஒரு படி இறுக்கலாம். டகோட்டாவுக்கு இம்ப்ரூவ்ட் சிலிண்டரும் மாடிஃபைடும், எஃகு போட்டால் அது ஈயத்தைவிட இறுக்கமாகவே விழும், அதனால் மிக இறுக்கமான ஃபுல் பக்கம் போக வேண்டாம்.

ஆனால் சோக்கில் எழுதியிருப்பதை அப்படியே நம்பாதீர்கள். பெரிய காகிதம் ஒன்றை விரித்துக் கட்டி, க்ரௌஸ் தோட்டாவை 20 கஜத்திலும் ஃபெசன்ட் தோட்டாவை 35 கஜத்திலும் இரண்டு குழலாலும் சுடுங்கள். ஓவர்-அண்டரில் இரண்டு குழலும் ஒரே இடத்தில் அடிக்கிறதா என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். அடிக்கவில்லை என்றால் சீசன் தொடங்கும் முன்பே கடைக்குத் திருப்பி அனுப்பலாம்.


இடதுகுறி:

காகிதத்தில் சுடும்போது தகடு மாற்றிய பிறகு சுடுங்கள் அண்ணா, அதற்கு முன்னால் சுட்டால் அந்தக் காகிதம் எதற்கும் உதவாது.